புறப்பரப்பும் கனஅளவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனச்செவ்வகம், உருளை, கூம்பு, கோளம் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று சூத்திரம் எழுதி வைத்துப் படித்தால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். தேர்வு முடிந்த மறுநாளே பாதி மறந்தும் போகும். உண்மையில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய யோசனைகள் நாலைந்துதான். மற்றதெல்லாம் அவற்றிலிருந்தே வந்துவிடும். மாணவர்களும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு அந்த வழியிலேயே இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சூத்திரங்களை எழுத்துச் சுருக்கங்களில் தராமல் வார்த்தையாகவே தந்திருக்கிறேன். எதை எதோடு பெருக்குகிறோம் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே காரணம்.

புறப்பரப்புக்கும் கனஅளவுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு பொருளின் வெளிப்பக்கம் முழுவதையும் மூட எவ்வளவு தாள் வேண்டும் என்று கேட்டால் அது புறப்பரப்பு. அந்தப் பொருள் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டால் அது கனஅளவு. கணக்கில் பெயின்ட், தகடு, துணி, உறை என்று ஏதாவது வந்தால் புறப்பரப்பைத்தான் கேட்கிறார்கள். தண்ணீர், மணல், கான்கிரீட், காற்று என்று வந்தால் கனஅளவு. உருக்குவது, ஊற்றுவது, நிரப்புவது, தோண்டுவது எல்லாமே கனஅளவுக் கணக்குகள்தான்.

அலகும் இதைக் காட்டிக்கொடுக்கும். புறப்பரப்பு சதுர செ.மீ., சதுர மீட்டரில் வரும். கனஅளவு கன செ.மீ., கன மீட்டர், லிட்டரில் வரும். விடையில் அலகு தவறியிருந்தால் பெரும்பாலும் சூத்திரமும் தவறியிருக்கும்.

கனஅளவும் கொள்ளளவும் ஒன்றுதானா?

சுவரின் தடிமனைப் பொருட்படுத்தாவிட்டால் ஒன்றுதான். தடிமன் இருந்தால் இரண்டும் வேறு. வெளியளவு 60 செ.மீ., 40 செ.மீ., 30 செ.மீ. உள்ள ஒரு மூடிய பெட்டியை எடுத்துக்கொள்வோம். அது அடைக்கும் இடம் 60 × 40 × 30 = 72,000 கன செ.மீ. அதன் பலகை 1 செ.மீ. தடிமன் என்றால் உள்ளளவு 58, 38, 28. உள்ளே பிடிப்பது 61,712 கன செ.மீ. மட்டுமே. ஒரே ஒரு செ.மீ. பலகை, ஏழில் ஒரு பங்கு இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. ஒவ்வொரு திசையிலும் இரண்டு பக்கமும் பலகை இருக்கிறது, அதனால் 1 இல்லை, 2 கழிக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

பக்கப் பரப்பு, வளைபரப்பு, மொத்தப் பரப்பு: எப்போது எதைப் போடுவது?

இங்கேதான் மிக அதிகமான மதிப்பெண் போகிறது. சூத்திரம் தெரியாததால் அல்ல, கணக்கைப் படிக்கும் அவசரத்தால்.

கனச்செவ்வகத்தில் மேலும் கீழும் உள்ள முகங்களை விட்டுவிட்டு, சுற்றியுள்ள நான்கு முகங்களை மட்டும் கூட்டினால் பக்கப் பரப்பு. உருளை, கூம்பு போன்றவற்றில் வளைந்த பகுதி மட்டும் வளைபரப்பு. தட்டையான பகுதிகளையும் சேர்த்தால் மொத்தப் பரப்பு. ஆனால் வாழ்க்கையில் வரும் பொருள்கள் இந்த மூன்று பெயருக்குள் அடங்குவதில்லை. மூடியில்லாத தொட்டிக்கு அடிப்பக்கம் உண்டு, மேல்பக்கம் இல்லை. இரண்டு பக்கமும் திறந்த குழாய்க்கு வளைபரப்பு மட்டும்தான். ஓர் அறைக்கு வெள்ளையடிக்கும்போது நான்கு சுவரும் கூரையும் உண்டு, தரை கிடையாது.

அதனால் சூத்திரத்தைத் தேடுவதற்கு முன், பொருளைக் கையில் பிடித்திருப்பதாக நினைத்து, விரல் படக்கூடிய முகங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். அப்புறம் அவற்றின் பரப்பை மட்டும் கூட்டுங்கள். மேலே சொன்ன பெட்டியின் மொத்தப் பரப்பு, 2 × (60×40 + 40×30 + 30×60) = 10,800 சதுர செ.மீ. மூடி இல்லையென்றால் 2,400 குறைந்து 8,400. இதற்கென்று தனிச் சூத்திரம் எதுவும் தேவையில்லை.

கனச்சதுரம்?

எல்லா விளிம்பும் சமமான கனச்செவ்வகம், அவ்வளவுதான். ஆறு சதுர முகங்கள், எனவே மொத்தப் பரப்பு 6 × பக்கம் × பக்கம். கனஅளவு பக்கத்தை மூன்று முறை பெருக்கினால் வரும்.

கனஅளவு ஒன்றாக இருந்தால் புறப்பரப்பும் ஒன்றாக இருக்குமா?

இருக்காது. 1 செ.மீ. பக்கமுள்ள 64 சிறு கனச்சதுரக் கட்டைகளை அடுக்கிப் பாருங்கள். 4 × 4 × 4 ஆக அடுக்கினால் புறப்பரப்பு 96 சதுர செ.மீ. 8 × 4 × 2 ஆக அடுக்கினால் 112. 16 × 2 × 2 என்றால் 136. எல்லாவற்றையும் ஒரே வரிசையாக நீட்டினால் 258. கட்டை ஒன்றுகூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனாலும் புறப்பரப்பு இரண்டரை மடங்குக்கு மேல் போய்விட்டது. ஒன்றோடொன்று ஒட்டி மறைந்திருந்த முகங்கள் வெளியே வந்துவிட்டதே காரணம்.

உருவம் எவ்வளவுக்கு எவ்வளவு திரண்டு இருக்கிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு புறப்பரப்பு குறையும். அந்த வகையில் எல்லாவற்றையும் வெல்வது கோளம். 1 லிட்டர் பிடிக்கும் கனச்சதுரத்துக்கு 600 சதுர செ.மீ. தேவை. அதே 1 லிட்டருக்கு மூடிய உருளை என்றால், மிகச் சிக்கனமாகச் செய்தாலும் ஏறக்குறைய 554. கோளத்துக்கு 484 போதும். சோப்புக் குமிழி உருண்டையாக இருப்பதும் இதனால்தான். அதன் படலம் தன் பரப்பை முடிந்தவரை சுருக்கிக்கொள்கிறது.

அந்தச் சிக்கனமான உருளை எப்படி இருக்கும் என்று அடுத்து கேட்பீர்கள். உயரமும் விட்டமும் சமமாக இருக்கும். மேல்பக்கம் திறந்திருந்தால் உயரமும் ஆரமும் சமமாக இருக்கும்போது தகடு மிகக் குறைவாகச் செலவாகும்.

உருளையின் வளைபரப்பில் வட்டத்தின் சுற்றளவு எங்கிருந்து வருகிறது?

உருளையின் பக்கத்தை நெட்டாக ஓர் இடத்தில் வெட்டி விரித்தால் அது செவ்வகம். அதன் ஒரு பக்கம் உருளையின் உயரம், மறுபக்கம் அடிவட்டத்தின் சுற்றளவு. ஆகவே வளைபரப்பு = 2 × பை × ஆரம் × உயரம். (பை என்பது வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண், ஏறக்குறைய 22/7.) மேலும் கீழும் உள்ள இரண்டு வட்டங்களையும் சேர்த்தால் மொத்தப் பரப்பு. கனஅளவு = அடிப்பரப்பு × உயரம். ஆரம் 7 செ.மீ., உயரம் 10 செ.மீ. என்றால் வளைபரப்பு 440 சதுர செ.மீ., மொத்தப் பரப்பு 748 சதுர செ.மீ., கனஅளவு 1,540 கன செ.மீ.

இதைக் கையால் செய்து பார்ப்பதைப் போல் ஒன்றும் வராது. இரண்டு ஏ4 தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அளவு 21 செ.மீ. × 29.7 செ.மீ. ஒன்றை நீளவாக்கில் சுருட்டி, ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சேர்த்து ஒட்டினால் உயரமான ஒல்லி உருளை. இன்னொன்றை அகலவாக்கில் சுருட்டினால் குட்டையான தடித்த உருளை. இரண்டுக்கும் வளைபரப்பு ஒன்றுதான், 623.7 சதுர செ.மீ. எதில் அதிகம் பிடிக்கும்? பெரும்பாலானவர்கள் ‘இரண்டும் சமம்’ என்பார்கள், அல்லது உயரமானதைக் காட்டுவார்கள். கணக்குப் போட்டால் ஒல்லி உருளையில் சுமார் 1,042 கன செ.மீ., குட்டை உருளையில் சுமார் 1,474 கன செ.மீ. குட்டைதான் ஜெயிக்கிறது. கனஅளவில் உயரம் ஒரு முறைதான் பெருக்கப்படுகிறது, ஆரமோ இரண்டு முறை. அதனால் அகலத்தில் கூடுவது உயரத்தில் குறைவதை ஈடுகட்டி மிஞ்சிவிடுகிறது. ஒல்லி உருளையைக் குட்டை உருளைக்குள் நிறுத்தி, அதில் மணலை நிரப்பிவிட்டு மெல்ல மேலே உருவி எடுங்கள். குட்டை உருளை நிரம்பாமல் நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

கூம்பில் உயரமா, சாயுயரமா? குழப்பமாக இருக்கிறது.

நடுவில் செங்குத்தாக இறங்குவது உயரம். வெளிப்பக்கத்தில் சரிவாக இறங்குவது சாயுயரம். கனஅளவுக்கு உயரம், பரப்புக்குச் சாயுயரம். ஏன் என்று புரிந்தால் மறக்காது. வெளியே தாள் ஒட்டும்போது சரிவின் மேல்தான் ஒட்டுகிறோம், உள்ளே இருக்கும் உயரத்தைத் தாள் தொடுவதே இல்லை.

ஆரம், உயரம், சாயுயரம் மூன்றும் செங்கோண முக்கோணம் ஆகும். ஆகவே சாயுயரத்தின் வர்க்கம் = ஆரத்தின் வர்க்கம் + உயரத்தின் வர்க்கம். ஆரம் 7, உயரம் 24 என்றால் 49 + 576 = 625. சாயுயரம் 25.

வளைபரப்பு பை × ஆரம் × சாயுயரம் என்பதற்கும் காரணம் எளிது. கூம்பை வெட்டி விரித்தால் வட்டக்கோணப்பகுதி, அதாவது வட்டத்தின் விசிறி போன்ற துண்டு, கிடைக்கும். அதன் ஆரம்தான் கூம்பின் சாயுயரம், அதன் வில் கூம்பின் அடிச்சுற்றளவு. வட்டக்கோணப்பகுதியின் பரப்பு, வில் × ஆரம் என்பதில் பாதி. போட்டுப் பாருங்கள், 2 அடிபட்டுப் போய் சூத்திரம் தானாக நிற்கும். நம் கூம்புக்கு 22/7 × 7 × 25 = 550 சதுர செ.மீ. அடிவட்டம் 154. மொத்தம் 704. காகிதத்தில் இந்தக் கூம்பைச் செய்ய விரும்பினால், 25 செ.மீ. ஆரமுள்ள வட்டத்திலிருந்து 360 × 7 ÷ 25 = 100.8 பாகைக்கு ஒரு துண்டு வெட்டினால் போதும்.

சதுர அடி கொண்ட பிரமிடிலும் இதே கதைதான், கூடுதலாக ஒரு பொறி உண்டு. அடிப்பக்கம் 10, உயரம் 12 என்றால், முகத்தின் நடுவில் இறங்கும் சாயுயரம் 13. மூலையில் இறங்கும் விளிம்போ ஏறக்குறைய 13.93. முக்கோண முகத்தின் பரப்புக்கு வேண்டியது 13, விளிம்பு அல்ல.

கூம்பின் கனஅளவில் மூன்றில் ஒரு பங்கு எப்படி வந்தது?

வகுப்பறையில் கூம்பில் தண்ணீர் மொண்டு உருளையில் மூன்று முறை ஊற்றிக் காட்டுவார்கள். நல்ல சோதனை, கட்டாயம் செய்ய வேண்டியது. ஆனால் அது ‘ஆமாம், மூன்றில் ஒன்றுதான்’ என்று காட்டுகிறதே தவிர, ஏன் என்று சொல்வதில்லை.

ஏன் என்பதற்கு ஒரு கனச்சதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு மூலையில் மூன்று முகங்கள் கூடுகின்றன. மீதி மூன்று முகங்கள் அந்த மூலையைத் தொடுவதில்லை. தொடாத அந்த மூன்று முகங்களில் ஒவ்வொன்றையும் அடியாக வைத்து, அந்த மூலையை உச்சியாக வைத்து ஒரு பிரமிடு கட்டினால், ஒரே அச்சான மூன்று பிரமிடுகள் கிடைக்கும். மூன்றும் சேர்ந்து கனச்சதுரத்தை இடைவெளி இல்லாமல் நிரப்பிவிடும். எனவே ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு. காகிதத்தில் மூன்றையும் செய்து ஒட்டிப் பாருங்கள், அந்த மூன்று துண்டும் கச்சிதமாகப் பொருந்தும் நொடி எனக்கு இன்றும் பிடித்தமானது.

அது சாய்ந்த சதுரப் பிரமிடு ஆயிற்றே, வட்டக் கூம்புக்கு எப்படிப் பொருந்தும்? கூர்மையாக முடியும் எந்த உருவத்திலும் உச்சியை நோக்கிப் போகப் போகக் குறுக்குவெட்டு ஒரே விகிதத்தில்தான் சுருங்கும். பாதி உயரத்தில் பரப்பு கால் பங்கு. அடி வட்டமா, சதுரமா, முக்கோணமா என்பது இதில் நுழைவதே இல்லை. ஆகவே எல்லாவற்றுக்கும் அடிப்பரப்பு × உயரம் ÷ 3. நம் 7, 24 கூம்புக்கு 154 × 24 ÷ 3 = 1,232 கன செ.மீ.

இந்த மூன்றில் ஒன்றை முதலில் சொன்னவர் கிரேக்கத்தின் டெமாக்ரிடஸ் என்றும், நிரூபித்தவர் யூடாக்சஸ் என்றும் ஆர்க்கிமிடீஸ் எழுதியிருக்கிறார். வெறும் வெட்டி ஒட்டும் வேலையால் எல்லாப் பிரமிடுக்கும் இதை நிரூபிக்க முடியுமா என்பது நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. 1900-இல் ஜெர்மன் கணித அறிஞர் ஹில்பெர்ட் வெளியிட்ட 23 கணக்குகளின் பட்டியலில் மூன்றாவது இதைப் பற்றியதுதான். அவர் மாணவர் மாக்ஸ் டேன் விரைவிலேயே ‘முடியாது’ என்று நிறுவினார். தளத்தில் சம பரப்புள்ள இரண்டு பலகோணங்களில் ஒன்றை வெட்டி மற்றொன்றாக எப்போதும் ஒட்டிவிடலாம். முப்பரிமாணத்தில் அந்தச் சலுகை கிடையாது. அதனால்தான் இங்கே ‘குறுக்குவெட்டு சுருங்கும் விதம்’ என்ற பேச்சே வர வேண்டியிருக்கிறது.

சாய்ந்து நிற்கும் உருளைக்கும் அதே கனஅளவுச் சூத்திரமா?

ஆமாம், உயரத்தைச் செங்குத்தாக அளந்தால். ஒரு தாள்கட்டை நேராக அடுக்கிவிட்டு, பக்கவாட்டில் தள்ளிச் சாய்த்தால் தாள் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஒவ்வொரு மட்டத்திலும் குறுக்குவெட்டுப் பரப்பு சமமாக இருக்கும் இரண்டு உருவங்களுக்குக் கனஅளவும் சமம் என்ற இந்த விதி, 1635-இல் நூல் வெளியிட்ட இத்தாலியர் காவலியேரியின் பெயரால் அழைக்கப்படுகிறது. அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே சீனத்தில் சூ கெங்சி இதே கருத்தைக் கொண்டு கோளத்தின் கனஅளவைக் கண்டிருந்தார். கவனம், இந்த விதி கனஅளவுக்கு மட்டும்தான். சாய்த்தால் புறப்பரப்பு மாறிவிடும்.

கோளத்தின் சூத்திரங்கள் எங்கிருந்து வந்தன?

மேலே சொன்ன விதியைக் கொண்டே பார்த்துவிடலாம். இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

10 செ.மீ. ஆரமுள்ள அரைக்கோளத்தை, தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். பக்கத்தில் 10 செ.மீ. ஆரமும் 10 செ.மீ. உயரமும் உள்ள உருளை. அந்த உருளைக்குள், உச்சி கீழேயும் வாய் மேலேயும் இருக்கும்படி ஒரு கூம்பைக் குடைந்து எடுத்துவிடுங்கள். இப்போது மேசையிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் இரண்டையும் குறுக்கே வெட்டுவோம். அரைக்கோளத்தில் வரும் வட்டத்தின் ஆரம் 8 (6, 8, 10 செங்கோண முக்கோணம்), பரப்பு 64 பை. உருளையின் வட்டம் 100 பை. அந்த உயரத்தில் கூம்பின் குழி 6 செ.மீ. ஆரம், 36 பை. மீதி வளையம் 100 − 36 = 64 பை. சமம். 6-க்குப் பதில் எந்த உயரத்தில் வெட்டினாலும் சமமாகவே வரும், காரணம் பித்தாகரஸ் தேற்றம். ஆகவே அரைக்கோளத்தின் கனஅளவும், கூம்பு குடைந்த உருளையின் கனஅளவும் ஒன்று. உருளையிலிருந்து மூன்றில் ஒன்று போனால் மீதி மூன்றில் இரண்டு. அதுதான் 2/3 × பை × ஆரத்தின் கனம். முழுக் கோளத்துக்கு இரட்டிப்பாக 4/3.

புறப்பரப்பு இதிலிருந்து வரும். கோளத்தை, மையத்தில் உச்சியும் மேற்பரப்பில் குட்டி அடியும் கொண்ட எண்ணற்ற மெல்லிய பிரமிடுகளாக நினையுங்கள். எல்லாவற்றுக்கும் உயரம் ஆரம்தான். எனவே கனஅளவு = புறப்பரப்பு × ஆரம் ÷ 3. திருப்பிப் போட்டால் புறப்பரப்பு 4 × பை × ஆரத்தின் வர்க்கம், அதாவது நடுவட்டத்தின் பரப்பைப் போல் சரியாக நான்கு மடங்கு. பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. இதில் போட்டால் பரப்பு சுமார் 51 கோடி சதுர கி.மீ. என்று வரும்.

கோளத்தை இறுக்கமாக மூடும் உருளையோடு ஒப்பிட்டால், கனஅளவிலும் மொத்தப் பரப்பிலும் கோளம் மூன்றில் இரண்டு பங்கு. இதைக் கண்ட ஆர்க்கிமிடீஸ் தன் கல்லறையில் கோளத்தையும் உருளையையும் பொறிக்கச் சொன்னார் என்பார்கள். கி.மு. 75-இல் சிசிலியில் அதிகாரியாக இருந்த ரோமானியர் சிசரோ, புதர் மண்டிக் கிடந்த அந்தக் கல்லறையை இந்தச் சின்னத்தை வைத்தே அடையாளம் கண்டதாக எழுதியிருக்கிறார்.

இது எளிதில் கிடைத்த விடை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கோளத்தின் கனஅளவுக்கு 499-இல் ஆரியபட்டர் தந்த விதி, வட்டப் பரப்பை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கச் சொல்கிறது. அது உண்மையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வரும். 1150-இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் சரியான விதி இருக்கிறது: வட்டப் பரப்பின் நான்கு மடங்கு கோளத்தின் பரப்பு, அதை விட்டத்தால் பெருக்கி ஆறால் வகுத்தால் கனஅளவு.

அரைக்கோளத்துக்கு 2 பையா, 3 பையா?

வளைபரப்பு கோளத்தில் பாதி, 2 × பை × ஆரத்தின் வர்க்கம். திடமான அரைக்கோளம் என்றால் வெட்டிய இடத்தில் புதிதாக ஒரு வட்டம் தெரியும், அதையும் சேர்த்து 3. கிண்ணம் மாதிரித் திறந்திருந்தால் வெளிப்பக்கம் 2 மட்டும்.

இரண்டு உருவங்களை ஒட்டினால் பரப்புகளைக் கூட்டலாமா?

கனஅளவைக் கூட்டலாம், பரப்பை அப்படியே கூட்டக் கூடாது. ஒட்டிய இடத்தில் இரண்டு முகங்கள் மறைந்துவிடுகின்றன. 7 செ.மீ. ஆரமுள்ள அரைக்கோளத்தின் தட்டைப் பக்கத்தில் நம் 24 செ.மீ. கூம்பை உட்காரவைத்தால், வெளியே தெரிவது அரைக்கோளத்தின் வளைபரப்பு 308, கூம்பின் வளைபரப்பு 550. மொத்தம் 858 சதுர செ.மீ. கனஅளவு மட்டும் 718.67 + 1,232 = 1,950.67 கன செ.மீ.

குடைந்தெடுப்பது இதற்கு நேர்மாறு. 14 செ.மீ. கனச்சதுரத்தின் ஒரு முகத்தில் 7 செ.மீ. ஆரமுள்ள அரைக்கோளக் குழி தோண்டினால் கனஅளவு குறையும், பரப்போ 1,176-இலிருந்து 1,330 ஆகக் கூடும். 154 சதுர செ.மீ. வட்டம் போய், 308 சதுர செ.மீ. குழி வருகிறதல்லவா!

உருக்கி வார்க்கும் கணக்கில் எது மாறாது?

சேதாரம் இல்லை என்று கொண்டால் கனஅளவு மாறாது. 6 செ.மீ. ஆரமுள்ள உலோக உருண்டையை உருக்கினால் 1 செ.மீ. ஆரமுள்ள 216 குண்டுகள் வரும். பை கூடத் தேவையில்லை, இரண்டு பக்கமும் அடிபட்டுவிடும். மொத்தப் புறப்பரப்போ ஆறு மடங்காகிவிடும். பொடி செய்த பொருள் சீக்கிரம் கரைவதற்கும் சீக்கிரம் எரிவதற்கும் இந்தக் கூடுதல் பரப்புதான் காரணம்.

எல்லா அளவையும் இரண்டு மடங்காக்கினால் கனஅளவும் இரண்டு மடங்கா?

இல்லை. நீளம் 2 மடங்கானால் பரப்பு 4 மடங்கு, கனஅளவு 8 மடங்கு. உருவம் எதுவானாலும் இதுதான். உருளையில் ஆரத்தை மட்டும் இரட்டித்தால் கனஅளவு 4 மடங்கு, உயரத்தை மட்டும் இரட்டித்தால் 2 மடங்கு. எடை கனஅளவைப் பின்தொடர்கிறது, எலும்பின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பின்தொடர்கிறது. அதனால் ஒரு விலங்கை அப்படியே பத்து மடங்கு பெரிதாக்கினால் அதன் கால் அதைத் தாங்காது என்று கலிலியோ 1638-இல் வெளியான தன் நூலில் விளக்கினார்.

இடைக்கண்டத்துக்கு (தலையை வெட்டிய கூம்பு அல்லது பிரமிடு) மேல், கீழ் பரப்புகளின் சராசரியை எடுத்தால் போதாதா?

போதாது, ஆனால் எவ்வளவு தவறுகிறது என்று பார்ப்பது பயன் தரும். எகிப்தின் மாஸ்கோ பாப்பிரஸ் என்ற சுவடி, ஏறக்குறைய கி.மு. 1850-ஐச் சேர்ந்தது. அதில் ஒரு கணக்கு: அடிச் சதுரம் 4, மேல் சதுரம் 2, உயரம் 6 கொண்ட தலை வெட்டிய பிரமிடு. பரப்புகளின் சராசரியை எடுத்தால் (16 + 4) ÷ 2 × 6 = 60. பக்கங்களின் சராசரியை எடுத்தால் 3 × 3 × 6 = 54. சுவடி எழுதியவர் செய்தது வேறு: 16, 4-ஐ 2-ஆல் பெருக்கிய 8, அப்புறம் 4, மூன்றையும் கூட்டி 28, உயரத்தில் மூன்றில் ஒன்று 2, விடை 56. அதுதான் சரி. முழுப் பிரமிடிலிருந்து வெட்டிய தலையைக் கழித்துப் பாருங்கள், 64 − 8 = 56. இன்றைய பாடநூலில் உள்ள இடைக்கண்டச் சூத்திரமும் இதே கட்டமைப்புதான், சதுரத்துக்குப் பதில் வட்டம், அவ்வளவே.

அலகு மாற்றும்போது ஏன் இவ்வளவு தவறு வருகிறது?

1 மீட்டர் 100 செ.மீ. என்பது மனத்தில் ஊறிப்போய், மற்றதற்கும் 100-ஐயே போட்டுவிடுகிறோம். 1 சதுர மீட்டர் 10,000 சதுர செ.மீ. 1 கன மீட்டர் 10,00,000 கன செ.மீ. 1 லிட்டர் 1,000 கன செ.மீ., எனவே 1 கன மீட்டர் 1,000 லிட்டர். வழி ஒன்றே: பெருக்கத் தொடங்குவதற்கு முன்பே எல்லா நீளத்தையும் ஒரே அலகுக்கு மாற்றிவிடுங்கள்.

பைக்கு 22/7 போடுவதா, 3.14 போடுவதா?

இரண்டும் தோராயம். உண்மை மதிப்பு 3.14159... என்று போகிறது. 22/7 சற்றே கூட, 3.14 சற்றே குறைவு. பிழை இரண்டிலும் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். ஆரமோ விட்டமோ 7-இன் மடங்காக இருந்தால் 22/7 வேலையைக் குறைக்கும். கணக்கின் பாதியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவாதீர்கள். முடிந்தால் பையைப் பை என்றே வைத்துக்கொண்டு கடைசி வரியில் மதிப்பைப் போடுங்கள், பல நேரம் அது தானே அடிபட்டுப் போய்விடும்.

கல் மாதிரி ஒழுங்கில்லாத பொருளுக்கு?

அளவுகோடு உள்ள குவளையில் தண்ணீர் எடுத்து, கல்லை முழுதாக அமிழ்த்துங்கள். மட்டம் ஏறிய அளவே கல்லின் கனஅளவு. புறப்பரப்புக்கு இப்படி ஒரு சுலப வழி கிடையாது.

போட்ட விடை சரியா என்று சட்டென்று எப்படிப் பார்ப்பது?

உருவத்தை ஒரு பெட்டிக்குள் அடையுங்கள். உருளை, அதை இறுக்கமாகப் பிடிக்கும் பெட்டியில் ஏறக்குறைய 78.5 சதவீதம் நிரப்பும். கோளம் 52 சதவீதம், பாதிக்குச் சற்று மேல். கூம்பு 26 சதவீதம், கால் பங்குக்குச் சற்று மேல். 21 செ.மீ. ஆரமுள்ள கோளத்தைப் பிடிக்கும் பெட்டி 42 × 42 × 42, அதாவது 74,088 கன செ.மீ. கோளம் அதில் பாதியை ஒட்டி வர வேண்டும். சூத்திரத்தில் போட்டால் 38,808, சரி. 1,16,424 என்று வந்திருந்தால் 3-ஆல் வகுக்க மறந்திருக்கிறீர்கள். 4,851 என்றால் ஆரத்துக்குப் பதில் அதில் பாதியைப் போட்டிருக்கிறீர்கள்.